கார்டில் இருக்கும் படம் காகிதத்துக்கு ஏன் வரவில்லை?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2005 முதல் 2009 வரை இங்கே எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. "உனக்குத் தெரிந்த விஷயம் ஏதாவது பேசு, ஆனா எங்களுக்கும் புரியணும்" என்று செயலாளர் நிபந்தனை போட்டுப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். என்ன பேசலாம் என்று யோசித்தபோது, இந்த மலருக்காகப் படம் சேகரித்த அனுபவமே தலைப்பைக் கொடுத்துவிட்டது.

தொண்ணூறுகளில் படித்த அண்ணன்மார்களிடம் படம் கேட்டோம். மறுநாளே கொண்டு வந்து கொடுத்தார்கள். மூலை மடங்கி, ஓரம் பழுப்பேறி, பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் வரிசையாகப் பெயர் எழுதி, அருமையான படங்கள். அப்படியே ஸ்கேன் செய்து அச்சுக்கு அனுப்பிவிட்டோம். 2005-லிருந்து 2010 வரை படித்த எங்கள் செட்டுக்காரர்களைக் கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "எடுத்தோமேடா, நூத்துக்கணக்கில எடுத்தோம். எல்லாம் கார்டில இருக்கு. ஆனா எதில போட்டாலும் வரமாட்டேங்குது."

ஃபிலிம் ரோலில் இருந்தது 36 படம்தான். அந்த 36-ம் கழுவப்பட்டுக் காகிதமாகிவிட்டது. எங்கள் கார்டில் 500 படம், அதில் காகிதத்தைப் பார்த்தது ஐந்து இருக்குமா என்பது சந்தேகம். மலரைப் புரட்டுங்கள், எங்கள் வருடங்களின் பக்கங்களில் எழுத்துதான் அதிகம். ஆகவே கார்டு ஏன் பேச மறுக்கிறது, அதைப் பேசவைக்க என்ன வழி என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஏனென்றால் கார்டில் தகவலை எழுதிவைத்து இயந்திரத்தைப் படிக்கச் சொல்வது நமக்குப் புதிதில்லை. பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தறியை வேண்டுமானாலும் நிமிர்ந்து பாருங்கள். மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து மாலை மாதிரி தொங்கும் அட்டைக் கோவை. 1804-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரத்தில் ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய முறை அது. ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு அட்டை. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், கொக்கி சும்மா இருக்கும். துளை உண்டு, துளை இல்லை, இந்த இரண்டே சொல்லில் அன்னமும் மயிலும் புட்டாவும் எழுதிவிடுகிறோம். மெமரி கார்டிலும் இரண்டே சொல்தான், துளைக்குப் பதிலாக மின்னூட்டம்.

இப்போது ஒரு கேள்வி. 240 கொக்கிப் பெட்டிக்கு அடித்த அட்டையை 120 கொக்கிப் பெட்டியில் மாட்டினால் என்ன ஆகும்? மாட்டவே முடியாது. சரி, அளவு பொருந்துகிற இன்னொரு பெட்டிதான், ஆனால் அட்டைகளை வேறு வரிசையில் கோத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாட்டலாம், தறி ஓடும், மயில் வராது, வேறு ஏதோ வரும். இரண்டு இடத்திலும் டிசைன் அழியவில்லை, அட்டையும் கெடவில்லை. படிக்கிறவனுக்கும் எழுதினவனுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். கார்டு விஷயத்திலும் பத்தில் ஏழெட்டு கேஸ் இப்படித்தான். கடைக்காரர் "கார்டு போச்சு சார்" என்று சொல்வதை உடனே நம்பிவிடாதீர்கள்.

முதலில் அளவுச் சண்டை. இது ஒரு பெரிய கூத்து. 1994-இல் சான்டிஸ்க் கம்பெனி காம்பாக்ட் ஃப்ளாஷ் கொண்டு வந்தது. 1995-இல் தோஷிபாவின் ஸ்மார்ட் மீடியா. 1997-இல் சான்டிஸ்க்கும் சீமென்ஸும் சேர்ந்து மல்டி மீடியா கார்டு. 1998-இல் சோனி தனக்கென்று மெமரி ஸ்டிக். 1999-இல் பானாசோனிக், சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் சேர்ந்து எஸ்.டி. கார்டு. இது போதாது என்று 2002-இல் ஒலிம்பஸும் ஃபியூஜியும் எக்ஸ்.டி. கார்டு. எட்டு வருடத்தில் ஆறு வடிவம்! அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி ஆளுக்கொரு பக்கம் வேலி போட்டுக்கொண்டார்கள். கடைசியில் 2010 வாக்கில் ஒலிம்பஸ், ஃபியூஜி, சோனி மூவருமே எஸ்.டி.க்கு இடம் கொடுத்துவிட்டார்கள். கம்பெனிகள் சமாதானமாகிவிட்டன. இடையில் நாம் எடுத்த படங்கள்தான் நடுத்தெருவில் நிற்கின்றன.

எக்ஸ்.டி. கார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் காலத்தில் நிறையப் பேர் வைத்திருந்தது அது. தபால் தலை மாதிரி சின்னதாக இருக்கும். எஸ்.டி. கார்டுக்குள் ஒரு குட்டிக் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பார், கன்ட்ரோலர் சிப் என்று பெயர். எந்தப் படம் எந்த அறையில் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. வெளியில் இருந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பார். எக்ஸ்.டி.யிலும் அதற்கு முந்தைய ஸ்மார்ட் மீடியாவிலும் அப்படி ஒருவர் கிடையாது. வெறும் கிடங்குதான். கணக்கெல்லாம் காமிராவும் ரீடரும்தான் பார்க்கவேண்டும். ஆகவே 2005-இல் டைப் எம் என்று புது ரக எக்ஸ்.டி. வந்தபோது, பழைய ரீடர்களுக்கு அந்தக் கிடங்கின் அமைப்பே புரியவில்லை. துளையில் கச்சிதமாக நுழையும், ஒன்றும் தெரியாது.

என் வகுப்புத் தோழர் ஒருவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளை. 2008-இல் கடைசி வருடப் புராஜெக்டுக்காகத் தன் வீட்டுத் தறியையே படம் எடுத்தார். தறிக்குழியில் அவர் அப்பா, கையில் நாடாவோடு, காமிராவைப் பார்க்காமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற படம் ஒன்று. அப்பா சில வருடங்களுக்கு முன் தவறிவிட்டார். சுவரில் மாட்டப் படம் வேண்டும். வீட்டில் இருந்தது ரேஷன் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படங்கள்தான். தறியில் உட்கார்ந்த படம் அந்த 1 ஜி.பி. எக்ஸ்.டி. கார்டில். ஒரு ஸ்டூடியோவில், "இந்த மாதிரி கார்டே இப்ப கிடையாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எல்லாக் கார்டும் படிக்கும் என்று விற்ற ஒரு ரீடரை வாங்கிப் போட்டுப் பார்த்தோம். அசையவில்லை. இன்னொரு கடையில், "கார்டு செத்துப் போச்சு, விட்டுடுங்க" என்றார்கள். நண்பர் விட்டுவிடுகிற நிலைக்கு வந்துவிட்டார்.

கார்டை எழுதின காமிராவைவிட அந்தக் கார்டைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவருடைய காமிரா எப்போதோ பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. அதே ரகக் காமிரா செட்டில் யாரிடமாவது இருக்கிறதா என்று போன் போட்டுக்கொண்டே போனோம். ஒரு அக்கா வீட்டுப் பரணில் கிடைத்தது. நல்லவேளை, சாதாரணப் பென்சில் பேட்டரி போடும் காமிரா. கார்டைப் போட்டதும் திரையில் 143 படம் என்று காட்டியது. ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகினோம், அத்தனையும் வந்துவிட்டன. அந்தப் படம் இப்போது எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் அவர்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அவர் அம்மா அதைப் பார்த்து முதலில் சொன்னது, "அந்தப் பாவு எனக்கு ஞாபகம் இருக்கு, மாம்பழக் கலர் சேலை" என்பதுதான்.

எனவே பழைய காமிராவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் ஒயரையும் சார்ஜரையும் சேர்த்து ஒரு பையில் கட்டி வையுங்கள். 2003-இல் பிக்ட்பிரிட்ஜ் என்று ஒரு ஏற்பாடு வந்தது. அந்த அடையாளம் காமிராவிலும் பிரிண்டரிலும் இருந்தால் கார்டும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். காமிராவை நேரே பிரிண்டரில் ஒயரால் இணைத்தால் படம் அச்சாகும். நம் ஊரில் அதை உபயோகித்தவர்கள் குறைவு.

சரி, எஸ்.டி. கார்டுதான், அளவும் பொருந்துகிறது, அப்படியும் ஏன் வரவில்லை? இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். பார்ப்பதற்கு எல்லா எஸ்.டி. கார்டும் ஒன்றுபோலவே இருக்கும். முதலில் வந்தவை 2 ஜி.பி. வரை. 2006-இல் எஸ்.டி.ஹெச்.சி. வந்தது, 32 ஜி.பி. வரை. 2009-இல் எஸ்.டி.எக்ஸ்.சி., 2 டி.பி. வரை. கார்டின் மேல் பொடி எழுத்தில் போட்டிருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

முதல் ரகத்தில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவு எண். அந்த எண்ணை எழுத ஒதுக்கிய இடம் 32 பிட். அதில் எழுதக்கூடிய எண்கள் 429 கோடிச் சொச்சம்தான், அதாவது 4 ஜி.பி.க்கு மேல் விலாசமே எழுத முடியாது. அதனால் இரண்டாவது ரகத்தில் 512 பைட் சேர்த்து ஒரு கதவு எண் என்று மாற்றினார்கள். 2006-க்கு முன்னால் வாங்கிய பிரிண்டருக்கும் ரீடருக்கும் இந்த மாற்றம் தெரியாது. நீங்கள் 8 ஜி.பி. கார்டைப் போட்டால் அது திருதிருவென்று முழிக்கும். "ஃபார்மேட் பண்ணிட்டா படிக்கும்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விலாசம் எழுதும் முறையே வேறு, நூறு தடவை ஃபார்மேட் செய்தாலும் படிக்காது, உள்ளே இருக்கும் படத்துக்குத்தான் ஆபத்து. இதற்குத் தீர்வு சாதாரணம்: புது ரீடர் வாங்குவது. புது ரீடர் பழைய கார்டையும் படிக்கும்.

அடுத்தது ஃபைல் சிஸ்டம். கிடங்கில் எந்தச் சரக்கு எந்த மூலையில் என்று எழுதி வைக்கும் பேரேடு இது. 2 ஜி.பி. வரை பெரும்பாலும் ஃபாட் 16, அதற்கு மேல் 32 ஜி.பி. வரை ஃபாட் 32, எஸ்.டி.எக்ஸ்.சி.யில் எக்ஸ்ஃபாட். எக்ஸ்ஃபாட் மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டு வந்தது. அதன் விவரங்களை 2019-இல்தான் வெளிப்படையாக்கினார்கள், லினக்ஸிலும் அதன் பிறகுதான் முறையாகச் சேர்ந்தது. இடையில் வந்த எத்தனையோ பிரிண்டர்கள், டி.வி.க்கள், போட்டோ ஃபிரேம்களுக்கு இந்தப் பேரேட்டின் மொழி தெரியாது. தெரியாவிட்டால் "தெரியாது" என்று சொல்லலாம் அல்லவா? சொல்லாது. "கார்டில் படம் இல்லை" என்று சொல்லும். பழைய கம்ப்யூட்டராக இருந்தால் இன்னும் மோசம், "டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கார்டை வெளியே எடுத்துவிடுங்கள்.

யாராவது ஏற்கெனவே 'சரி' என்று அழுத்தியிருந்தாலும் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. சாதாரண ஃபார்மேட் பேரேட்டைக் கிழிக்கும், பெரும்பாலும் சரக்கைத் தொடாது. அதன்பின் அந்தக் கார்டில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காமல் வைத்திருந்தால், ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் பேரேட்டை நம்பாமல் கிடங்கையே தடவிப் பார்த்துப் படங்களை எடுத்துக் கொடுக்கும். ஒவ்வொரு ஜேபெக் படமும் ஒரே மாதிரித் தொடக்கக் குறியோடு ஆரம்பிக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். பெயர், தேதி வரிசை எல்லாம் குழம்பியிருக்கும். குழம்பினால் என்ன, படம் கிடைத்தால் போதும்.

எங்கள் காலத்துக்கே உரிய இன்னொரு தொல்லை உண்டு. கார்டை ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் போட்டு எடுத்தால் கூடவே வைரஸும் வரும். ஃபோல்டர்களை எல்லாம் மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஃபோல்டர்களை வைத்துவிடும். படம் போய்விட்டது என்று எத்தனை பேர் கார்டைத் தூக்கி எறிந்தார்களோ! படம் அங்கேயேதான் இருக்கிறது. மறைத்ததைக் காட்டு என்று கம்ப்யூட்டரில் மாற்றினால் தெரியும். எஸ்.டி. கார்டின் ஓரத்தில் ஒரு பூட்டு இருக்கிறதே, அது இதற்குத்தான். வெளியாரிடம் கொடுக்கும் முன் கீழே தள்ளிவிடுங்கள். படிப்பதற்கு அது தடையில்லை, எழுதத்தான் தடை. அதுவும் ரீடர் ஒழுங்காக மதித்து நடந்தால்தான். அந்தப் பூட்டுக்கும் உள்ளே இருக்கும் சிப்புக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது, நம் வீட்டுத் திண்ணைக் கதவு மாதிரி!

பெயர் வைப்பதிலும் வம்பு இருக்கிறது. காமிரா வைக்கிற பெயர் நாலு எழுத்து, நாலு எண். அதை டி.சி.ஐ.எம். என்ற ஃபோல்டருக்குள் வைக்கும். பழைய பிரிண்டர்கள் அங்கே போய் அப்படிப்பட்ட பெயரைத்தான் தேடும். நாம் ஆசையாகக் கம்ப்யூட்டரில் 'அக்கா கல்யாணம்' என்று பெயர் மாற்றி, வேறு ஃபோல்டரில் போட்டு, திரும்பக் கார்டில் ஏற்றிக் கொடுத்தால், அதன் கண்ணில் படாது. காமிரா கொடுத்த பெயரே இருக்கட்டும், அச்சான பிறகு பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள், பெரியவர்கள் செய்த மாதிரி.

இப்போது கார்டே வேண்டாம், எல்லாம் போனில்தானே என்கிறீர்கள். போன் மட்டும் என்ன வாழ்கிறது? 2017 முதல் ஐபோன் வழக்கமாக ஹெச்.இ.ஐ.சி. என்ற முறையில் படத்தைச் சேமிக்கிறது. கடையில் பழைய மென்பொருள் இருந்தால் திறக்காது. காமிரா அமைப்புக்குள் போய் எல்லாவற்றிலும் திறக்கும் வகையை, அதாவது ஜேபெக்கைத் தேர்ந்தெடுத்தால் போயிற்று. வாட்ஸப்பில் படம் அனுப்பி அச்சடிக்கச் சொல்வது அதைவிடப் பெரிய தொல்லை. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி 1600-க்கு 1200 புள்ளி அளவுக்கு வந்துவிடும். நாலுக்கு ஆறு அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில், 1800-க்கு 1200 வேண்டும். ஏதோ சமாளிக்கலாம். கல்யாண ஆல்பத்தின் பன்னிரண்டுக்குப் பதினெட்டுப் பக்கத்துக்கு 5400-க்கு 3600 வேண்டும். அங்கே மாப்பிள்ளை முகம் ஜரிகை எது மூக்கு எது என்று தெரியாமல் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பினால் சுருங்காது. எங்கள் பழைய ஐந்து மெகாபிக்சல் காமிராவே 2592-க்கு 1944 புள்ளி எடுத்தது, ஆறுக்கு எட்டு அங்குலம் தாராளமாக வரும். பழசு என்று அதைக் கேவலமாக நினைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை, குரூப் போட்டோ எடுத்தவர்களுக்கு. அந்தக் காமிராக்களின் படம் நாலுக்கு மூன்று விகிதம். கடைக் காகிதம் ஆறுக்கு நாலு. அப்படியே நிரப்பி அச்சடித்தால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். கடைசி வரிசையில் பெஞ்சு மேல் ஏறி நின்ற நெட்டையர்களின் தலை போவது அதனால்தான். "முழுப் படமும் வரணும், ஓரத்தில் வெள்ளை இருந்தாலும் பரவாயில்லை" என்று சொல்லிக் கொடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒத்துப்போகாத கேஸ்கள். வழி இருக்கிறது. இனிச் சொல்லப்போவதற்குத்தான் வழி கிடையாது. கார்டுக்குள் படம் என்பது சின்னச் சின்னக் குழிகளில் அடைத்து வைத்த மின்னூட்டம். குழியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சுவர். வருடக்கணக்கில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். சூட்டில் வேகமாகக் கசியும். பத்து ஆண்டு தாங்கும் என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்கிற கணக்கு. நாங்கள் எடுத்த கார்டுகளுக்கு இப்போது பதினைந்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது, அதுவும் நம் ஊர் சித்திரை வெயிலில் இரும்பு பீரோவுக்குள்! அந்தக் காலக் கார்டுகளில் குழிகள் கொஞ்சம் பெரியவை, அதனால் இன்னும் பல உயிரோடு இருக்கின்றன. எது எப்போது போகும் என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது.

1979-இல் அத்திவரதர் எழுந்தருளியபோது எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் இன்றும் சட்டத்துக்குள் இருக்கின்றன. 2019-இல் 48 நாள், நாம் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்து எடுத்துத் தள்ளினோம். என் பெரியம்மா போனில் மட்டும் அறுபது படம், மைக்ரோ எஸ்.டி. கார்டில். அடுத்து 2059. அப்போது என் மகள் அந்தக் கார்டைக் கையில் எடுத்தால், அதைச் செருகுவதற்கு ஒரு துளை உலகத்தில் இருக்குமா என்று எனக்கே தெரியாது. அறுபதில் நாலைத் தேர்ந்தெடுத்துக் காகிதத்தில் அடித்துக் கொடுத்துவிட்டேன். பெரியம்மா அதைப் பூஜை அறையில் வைத்திருக்கிறார்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூலகத்துக்கு அடுத்த அறையில் நானும் இரண்டு நண்பர்களும் உட்கார்ந்திருப்போம். ஆறு வடிவத்துக்கும் ரீடர் இருக்கிறது, எக்ஸ்.டி.க்கு அந்த அக்கா கொடுத்த காமிராவே இருக்கிறது. கார்டைக் கொண்டு வந்தவர்கள் தாருங்கள், உங்கள் கண் முன்னாலேயே எடுத்துப் பென் டிரைவில் போட்டுக் கொடுக்கிறோம். கார்டில் ஒரு எழுத்தும் எழுதமாட்டோம். கொண்டு வராதவர்கள் வீட்டுக்குப் போனதும் பீரோ, பரண், பழைய பர்ஸ் எல்லாம் ஒரு தடவை துழாவிப் பாருங்கள். யாரிடமாவது பழைய மெமரி ஸ்டிக் காமிரா ஓடுகிற நிலையில் இருந்தால் சங்கத்துக்குக் கடன் கொடுங்கள். 2007-ஆம் வருட ஆண்டு விழாப் படம் மொத்தமும் அப்படி ஒரு ஸ்டிக்கில்தான் இருக்கிறது, ரீடரில் பாதிதான் வந்திருக்கிறது.